பை மாட்டிய மரம்

மலையில் வழி தெரிந்தவன் என்று எனக்கு ஒரு பேர் உண்டு. வைத்தது நான்தான்.

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ப்ளோ ரூமில் வேலை பார்க்கிறேன். பஞ்சுப் பொதியைப் பிரித்து மிஷினுக்குள் போடுகிற இடம். அங்கே இருக்கிற இரைச்சலில் வாயைத் திறந்து பிரயோஜனம் இல்லை. கையைக் காட்டுவோம், தலையை ஆட்டுவோம். அது வீட்டிலும் பழகிவிட்டது. பேச்சு குறைந்தவனுக்கு விஷயம் நிறையத் தெரியும் என்று ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. அந்த நினைப்பில்தான் என் காலம் ஓடியது.

எனக்கு ஒரு பழக்கம். லீவு நாளில் அடிவாரத்தில் பழைய கூப்பு ரோடு தேடிப் போவேன். கூப்பு என்றால் முன்னே மரம் வெட்ட ஏலம் விட்ட காடு. வெட்டிய கட்டையை லாரியில் இறக்கப் போட்ட ரோடு கூப்பு ரோடு. வெட்டு நின்று போனது. ரோடும் காடாகிவிட்டது. ஆனாலும் கண்டுபிடிக்கலாம். சரிவில் ஒரு பட்டை மட்டும் லாரி அகலத்துக்குத் தட்டையாகப் போகும். ஓடை குறுக்கே வருகிற இடத்தில் கல் அடுக்கிக் கிடக்கும். அதில் கொஞ்ச தூரம் நடந்து, ஒரு கல்லில் உட்கார்ந்து, திரும்பி வருவேன். இவ்வளவுதான். இதை வைத்துத்தான் டீக்கடையில் எனக்கு மரியாதை.

மேலே போனதில்லை. மேலே புலிகள் காப்பகம். அனுமதி வேண்டும். நான் கேட்டதும் இல்லை. பயம் என்று சொல்வதைவிட, சட்டம் என்று சொல்வது கௌரவமாக இருந்தது.

என் வீட்டுக்காரி மட்டும் மயங்கவில்லை. "ரேஷன் கடைக்குப் போனா வழி மறந்து டீக்கடைக்குப் போறிய. காட்டுக்குள்ள லாரி போன வழியத் தேடுதியளாக்கும்" என்பாள்.

எங்கள் குலசாமி ஒரு கருப்பன். மலைக்கு மேலே ஓடையோரம் ஒரு மருத மரத்தடியில் இருந்தார். கோவில் கிடையாது, ஒரு கல், அவ்வளவுதான். கூப்பு நடந்த காலத்தில் லாரி டிரைவர்கள் கட்டை கட்டுகிற இரும்புச் சங்கிலி ஒன்றை அந்த மரத்தில் சுற்றிக் கட்டிக் காணிக்கையாக விட்டார்கள். என் அப்பா அந்த லாரியில் கிளீனர். ரோடு மூடியதும் எங்கள் ஆட்கள் அங்கிருந்து பிடிமண் எடுத்து வந்து அடிவாரத்தில் ஒரு கல்லை நட்டுக் கும்பிட ஆரம்பித்தார்கள். மேலே இருந்த இடம் தெரிந்த பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். மிஞ்சியது நான். சின்னப் பையனாக அப்பாவோடு இரண்டு தடவை லாரியில் போயிருக்கிறேன். அதில் ஒரு தடவை முழுக்கத் தூக்கம்.

என் தங்கச்சியை ஸ்ரீவில்லிபுத்தூரில் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளைக்குப் பால்கோவா அடுப்பில் கிண்டுகிற வேலை. ரொம்ப வருஷம் பிள்ளை இல்லை. தங்கச்சி பிடிமண் கல்லுக்கு முன்னால் நின்று, பிள்ளை பிறந்தால் மேலே உன் இடத்துக்கே வந்து காது குத்துகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். பிறந்தது பெண். பேசி, நடந்து, பால்வாடிக்கும் போக ஆரம்பித்துவிட்டது. காது மட்டும் மூளியாக இருந்தது.

அவள் மாமியாருக்கு இது பிடிக்கவில்லை. கட்டிக்கொடுத்த பிறகு பிறந்த வீட்டுச் சாமிக்கு என்ன வேண்டுதல் என்று கேட்டார்கள். அது நியாயம்தான், முறைப்படி எங்கள் சாமி அவளுக்குப் பழைய சாமி. கடைசியில் ஒரு முடிவு சொன்னார்கள். இந்தத் தைக்குள் உங்கள் கருப்பனிடம் குத்தினால் குத்துங்கள். இல்லையென்றால் மாசியில் எங்கள் சாமியிடம் மொட்டையும் போட்டுக் காதும் குத்தியாகிவிடும், அதற்குப் பிறகு உன் அண்ணன் வீட்டுச் சாமி பேச்சு இந்த வீட்டில் கூடாது.

தங்கச்சி என்னிடம் வந்தாள்.

"மேல இருக்கிற எடம் உனக்குத் தெரியும்லாண்ணே?"

"தெரியும்."

ஒரே வார்த்தைதான் பேசினேன். அதுவும் தப்பு.

அவள் என் வார்த்தையை வைத்து வீட்டில் சண்டை போட்டாள். வனத்துறை ஆபீசுக்கு நடையாக நடந்து அனுமதி வாங்கினாள். தையில் ஒரு நாள். கொஞ்சம் பேர்தான் போகலாம். கிடா கூடாது, பொங்கல் கூடாது, சூடம் கூடாது, தீயே கூடாது. பொழுது சாய்வதற்குள் செக்போஸ்டுக்குத் திரும்பிவிட வேண்டும்.

"கிடா இல்ல, சுருட்டு இல்ல, சூடம்கூட இல்ல. கருப்பன் நம்மள ஆருன்னே கேக்கப் போறாரு" என்றார் மாப்பிள்ளை.

அன்றைக்குக் காலையில் அய்யனார் கோவில் பக்கம் செக்போஸ்டில் கூடினோம். தங்கச்சி, மாப்பிள்ளை, பிள்ளை, காது குத்துகிற ஆசாரி, நான். துணைக்கு ஒரு வாட்சரை அனுப்பினார்கள். தேவதானத்துப் பையன். இந்தப் பக்கம் மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது.

"எனக்கு இந்தப் பக்கம் ஒண்ணும் தெரியாது அண்ணாச்சி. ஒங்களுக்கு எல்லாம் தெரியும்னு ஆபீஸ்ல சொன்னாவ" என்றான்.

ஆபீஸ் வரைக்கும் என் பேர் போயிருந்தது. தலையை ஆட்டினேன்.

ஆசாரி ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டாத மனுஷன். தோல் செருப்பு போட்டு வந்திருந்தார். கையில் சின்னத் தகரப் பெட்டி. ஓடையைத் தாண்டி ஏற்றம் ஆரம்பித்ததும் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"காது குத்தக் கூப்பிட்டியளா, என் மூச்ச நிறுத்தக் கூப்பிட்டியளா?"

"செத்த நேரம்தான் ஆசாரி. மச்சான் வழி காட்டும்போது என்ன கவலை" என்றார் மாப்பிள்ளை. அவர் பிள்ளையைத் தோளில் வைத்திருந்தார். என்னிடம் மஞ்சப்பையைக் கொடுத்திருந்தார்கள். அதில் தேங்காய், பழம், மாலை, அடியில் ஒரு டப்பாவில் பிள்ளையின் கம்மல். தாய்மாமன் செய்கிற கம்மல். வழியும் என் பொறுப்பு, பையும் என் பொறுப்பு.

கூப்பு ரோடு நன்றாகவே தெரிந்தது. அது என் திறமை இல்லை, மலையை வெட்டிப் போட்ட ரோடு. ஆனாலும் நான் அங்கங்கே நின்று மண்ணைப் பார்த்தேன். ஒரு கல்லைக் காலால் தட்டினேன். வாட்சர் பையனும் அதே கல்லைக் காலால் தட்டினான்.

ஒரு வளைவில் ஓடை வந்தது. பக்கத்தில் ஒரு பெரிய மரம், நல்ல நிழல். ஆசாரி கேட்காமலே உட்கார்ந்துவிட்டார். நான் மரத்தைச் சுற்றிப் பார்த்தேன். பட்டையில் தோள் உயரத்துக்கு ஒரு துருப்பிடித்த கொக்கி நீட்டிக்கொண்டிருந்தது. அதில் பையை மாட்டினேன்.

"இந்தக் கொக்கி என்னண்ணே?" என்று தங்கச்சி கேட்டாள்.

"கூப்பு ஆளுக அடிச்சது. தூக்குவாளி மாட்ட."

எப்படி இவ்வளவு தெளிவாகச் சொன்னேன் என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. மரத்தடியில் பாசி படிந்த ஒரு கல், உட்காரத் தோதாக இருந்தது. உட்கார்ந்தேன். காலை நீட்டிக்கொண்டேன்.

"இன்னும் எம்புட்டுத் தூரம் மச்சான்?"

"பாதிகூட வரல."

அதற்கு ஒரு கணக்கு இருந்தது. சின்ன வயதில் லாரியில் போகும்போது கருப்பன் இடத்துக்குப் போய்ச் சேர உச்சிப்பொழுது ஆகிவிடும். லாரிக்கே அவ்வளவு நேரம் என்றால் நடைக்கு எவ்வளவு ஆகும். கணக்கு சரிதான். அந்த லாரி வளைவுக்கு வளைவு சூடாகி நிற்கும், அப்பா ஓடையில் தண்ணீர் மொண்டு ரேடியேட்டரில் ஊற்றுவார், நடுவில் டிரைவர் ஒரு தூக்கம் போடுவார் என்பதை மட்டும் கணக்கில் விட்டுவிட்டேன்.

மாப்பிள்ளை கொண்டு வந்த பால்கோவாவை எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் தின்றோம். மீதியைப் பிள்ளைக்காக மடியில் வைத்துக்கொண்டார் ஆசாரி. எழுந்து நடந்தோம்.

அதற்கு மேலே ரோடு ரொம்பச் சுத்தமாக இருந்தது. செடி இல்லை, முள் இல்லை. கூட்டிவிட்ட மாதிரி இருந்தது. எனக்குத் தெம்பு வந்துவிட்டது.

மாப்பிள்ளைக்குச் சந்தேகம். "யாருமே போகக் கூடாதுங்கிற காடு. ரோடு எப்படி மச்சான் இம்புட்டுப் பளிச்சுனு இருக்கு?"

"கருப்பன் கூட்டுதாரு."

தங்கச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவள் என்னை நம்பினாள். அதுதான் அன்றைக்கு எனக்கு இருந்த பெரிய தொந்தரவு.

வெகு நேரம் நடந்தோம். ஓடையும் காணோம், மருத மரமும் காணோம். கடைசியில் ஒரு தட்டையான இடம் வந்தது. கட்டை அடுக்கி வைத்து லாரியில் ஏற்றிய களமாக இருக்கும். நடுவில் மழைத் தண்ணீர் தேங்கிக் குட்டைபோல் கிடந்தது. ஓரத்தில் ஒரு மரம். மருதம் மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. பொழுதைப் பார்த்தேன். தங்கச்சி முகத்தைப் பார்த்தேன்.

"இதுதான்" என்றேன்.

அவள் மரத்தைச் சுற்றி வந்தாள். "சங்கிலி எங்கண்ணே?"

"துருப்பிடிச்சு விழுந்திருக்கும்."

"கல்லு?"

"மண்ணு மூடியிருக்கும்."

அவள் குனிந்தாள். மரத்தடியில் தரையைக் கையால் தடவிப் பார்த்தாள். பிறகு எழுந்து சேலையைச் சரிசெய்தாள். "சரி, நீ சொன்னாச் சரிதான். பையக் குடு. தேங்காய ஒடைப்போம்."

கையை நீட்டினாள். நான் என் கையைப் பார்த்தேன். இரண்டு கையும் காலியாக இருந்தது.

"பை எங்க மச்சான்?"

பை கூப்பு ஆட்கள் அடித்த கொக்கியில் இருந்தது.

எல்லோரும் என் கையையே பார்த்தார்கள். ஆசாரிதான் முதலில் வாயைத் திறந்தார். "கம்மலும் அதுலயா?" தலையை ஆட்டினேன். "நல்ல மாமன்" என்றார்.

அப்போது வாட்சர் பையன் குட்டை ஓரத்தில் குனிந்து எதையோ பார்த்தான். நிமிர்ந்தபோது அவன் முகம் வேறு மாதிரி இருந்தது.

"அண்ணாச்சி, மெல்லப் பேசுங்க. யானை லத்தி. இன்னும் ஆவி பறக்குது."

அப்போதுதான் அந்த ரோட்டை யார் கூட்டுகிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. மனுஷன் விட்டுப்போன கூப்பு ரோட்டை யானை விடவில்லை. அதற்கும் ஏற்றம் சிரமம்தானே. லாரிக்குப் போட்ட சாய்மானம் அதன் காலுக்கும் சுகம். நாங்கள் இவ்வளவு நேரம் நடந்தது அதன் ரோட்டில். நின்றது அதன் குட்டையில்.

மேலே எங்கோ மூங்கில் ஒடிகிற சத்தம் கேட்டது.

"திரும்பிருவோம். ஓடாதீய" என்றான் பையன். அதற்குள் ஆசாரி முதல் வளைவைத் தாண்டியிருந்தார். காலையில் ஏற்றத்தில் மூச்சு நின்றுவிடும் என்று சொன்ன மனுஷன். தகரப் பெட்டிக்குள் ஊசி கலகலவென்று குலுங்குகிற சத்தம் முன்னால் போய்க்கொண்டிருந்தது. நான் கடைசியில் நடந்தேன். தைரியம் என்று நினைக்க வேண்டாம். முன்னால் போனால் தங்கச்சி முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

இறங்குகிற வழியில் அவள் ஒரு தடவைதான் பேசினாள். "இனி மாசிதான். எங்க அத்த ஜெயிச்சிட்டாவ." அழவில்லை. விலைவாசி சொல்வதுபோலச் சொன்னாள். அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஓடை வளைவுக்கு வந்தோம். இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டோமா என்றிருந்தது. ஆசாரி அங்கே மரத்தில் சாய்ந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பை தொங்கியது. பழத்தைக் குரங்கு தின்றுவிட்டுத் தோலைக் கீழே போட்டிருந்தது. தேங்காயும் டப்பாவும் இருந்தன.

தங்கச்சி பையை எடுக்கப் போனாள். பையின் காது கொக்கியில் சிக்கிக்கொண்டு வரவில்லை. மெல்லத் தூக்கினாள். வரவில்லை. கிட்டத்தில் போய்க் கொக்கியைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

"அண்ணே. இது கொக்கி இல்ல, வளையம்."

ஒரு குச்சியை எடுத்துப் பாசியைச் சுரண்டினாள். பக்கத்தில் பட்டை உதடு மாதிரி மூடிக்கிடந்தது. அந்த உதட்டுக்குள் இன்னொரு வளையத்தின் முதுகு தெரிந்தது. அங்கிருந்து மரத்தைச் சுற்றி ஒரு வரி மேடாகப் போயிற்று, இடுப்பில் அரைஞாண் மாதிரி. சங்கிலி விழவில்லை. மரம் பெருத்துச் சங்கிலியை முழுங்கியிருக்கிறது. வெளியே மிச்சம் விட்டது ஒரே ஒரு வளையம். அதில் நான் பையை மாட்டியிருக்கிறேன்.

மாப்பிள்ளை கீழே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மச்சான், காலையில நீங்க உக்காந்திருந்த கல்லு..."

தங்கச்சி முந்தானையால் துடைத்தாள். பாசி போன இடத்தில் சூலம் செதுக்கிய தடம் இருந்தது.

"இதுலதானண்ணே உக்காந்திருந்த?"

"ஆமா."

"காலையும் நீட்டிக்கிட்டாரு" என்றார் ஆசாரி.

"சாமிமேல வெயில் படாம மறைச்சிருக்காரு. விடுங்க" என்றார் மாப்பிள்ளை. அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தங்கச்சியும் சிரித்தாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். கல்லுக்கு முன்னால் விழுந்து கும்பிட்டு எழுந்து, "பையப் பிடிச்சு நிறுத்தி வச்சிருக்காருண்ணே. இல்லன்னா அந்தக் குட்டையிலயே குத்திட்டுப் போயிருப்போம்" என்றாள். நான் கல்லைப் பார்த்து மனதுக்குள் ஒரு வார்த்தை சொன்னேன். அது இங்கே வேண்டாம்.

வாட்சர் பையன் வானத்தைப் பார்த்தான். "பொழுது எறங்குது அண்ணாச்சி. சுருக்கா முடிங்க."

தேங்காய் உடைத்தோம். நான் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன், இந்தத் தடவை கீழே பார்த்து. பிள்ளையை மடியில் வைத்தார்கள். ஆசாரி இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டே ஊசியை எடுத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். குத்துப்படப் போவது நான் இல்லை என்றாலும் மூடிக்கொண்டேன். ஒரு காது முடிந்தது. பிள்ளை போட்ட சத்தத்துக்கு, மலைமேல் இருந்த யானை கேரளாவுக்குப் போயிருக்கும்.

மறு காதைக் கொடுக்க மாட்டேன் என்றது. இரண்டு கையாலும் பொத்திக்கொண்டது. தங்கச்சி கெஞ்சினாள், மாப்பிள்ளை மிரட்டினார். இனிப்பு கொடுத்தால் சரியாகும் என்று பால்கோவாவைக் கேட்டார்கள். ஆசாரி தன் மடியைப் பார்த்தார். "ஓடும்போது மயக்கம் வந்துச்சு" என்றார்.

பையன் திரும்பவும் வானத்தைப் பார்த்தான். ஒரு காதோடு போனால் மாமியார் வீட்டில் என்ன பேச்சு வரும் என்று எல்லோருக்கும் தெரியும். பாதி வேண்டுதல் என்று ஒன்று கிடையாது.

நான் பிள்ளை காதில் கேட்டேன். "என்னத்தா வேணும்?"

பிள்ளை விசும்பிக்கொண்டே சொன்னது. "மாமாக்கும் குத்து."

மாப்பிள்ளை திரும்பி நின்றுகொண்டார். அவர் தோள் குலுங்கியது. நான் தங்கச்சியைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு முழுக்க அவள் அப்படித்தான் நின்றாள், நான் என்ன சொல்வேன் என்று.

"குத்துங்க ஆசாரி" என்றேன்.

வயசான காது தடிப்பாக இருக்கும் என்று ஆசாரி சொன்னது உண்மை. அவர் பங்குக்கு அழுத்தியே குத்தினார். கத்தவில்லை. கண்ணில் தண்ணீர் வந்ததை வியர்வை என்று வைத்துக்கொள்ளலாம். எனக்குக் கம்மல் ஏது, ஒரு வேப்பங்குச்சியை ஒடித்துச் செருகினார். அவர் பெட்டியில் எப்போதும் இருக்குமாம். பிள்ளை என் காதைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தது. ரத்தம் வந்ததா என்று பார்த்தது. வந்திருந்தது. திருப்தியாகக் கையை எடுத்துவிட்டு மறு காதைக் காட்டியது.

பொழுது மலைக்குப் பின்னால் போவதற்கு முன் செக்போஸ்டுக்கு வந்துவிட்டோம். ஆபீசில் இருந்தவர் பிள்ளை காதைப் பார்த்தார். என் காதைப் பார்த்தார். ரெஜிஸ்டரில் நேரத்தைக் குறித்தார்.

தங்கச்சியின் மாமியார் கம்மலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒங்கண்ணன் வாயத் தொறந்தா ஒரு வார்த்தைன்னாலும் அது வார்த்தைதான்" என்றார்களாம். தங்கச்சி எல்லாக் கதையையும் சொல்லியும் அவர்கள் கேட்டது அவ்வளவுதான். இப்போது எங்கள் வகையறாவில் நான் குலசாமியைக் கண்டுபிடித்தவன். தளவாய்புரத்திலிருந்து ஒருவர் வந்தார். அவர்கள் சாமியும் மலைக்கு மேலே எங்கோ கூப்பு ரோட்டில் இருக்கிறதாம். வழி தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். எவ்வளவு அடக்கம் பாருங்கள் என்று என் வீட்டுக்காரியிடம் சொன்னார். "ஆமா, ரொம்ப அடக்கம்" என்று சொல்லிவிட்டு அவள் ரேஷன் பையை என் கையில் கொடுத்தாள்.

காது குத்திய மறுநாள், மில்லில் கூட நிற்கிறவன் என் காதைப் பார்த்துவிட்டு, இரைச்சலில் கையால் கேட்டான். என்ன இது. நான் கையைத் தூக்கி மலைப் பக்கம் காட்டினேன். அவனுக்குப் புரியவில்லை. பஞ்சுப் பொதியை இழுத்துப் பிரித்தேன். வேப்பங்குச்சியில் பஞ்சு ஒட்டிக்கொண்டது.